மார்செய் துறையில் இறங்கிய மணப்பெண்: ரூபன்ஸ் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. பொன் வேலைப்பாடு மின்னும் கப்பலிலிருந்து ஒரு பெண் இறங்கி வருகிறார். எதிரே இருவர் கைநீட்டி வரவேற்கிறார்கள். மேலே சிறகு முளைத்த ஒருத்தி எக்காளம் ஊதுகிறாள். கீழே தண்ணீரில் கடற்கன்னியர் மூவர் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் வரைந்த 'மரி தெ மெடிசி மார்செய்யில் கரையிறங்குதல்' இதுதான். இதைக் காட்டும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தப் பெண் யார்? எங்கிருந்து எங்கே வருகிறார்?

மரி தெ மெடிசி. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் 1575-இல் பிறந்தவர். தந்தை டஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் பிரான்செஸ்கோ, தாய் ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜோன். தாய் தந்தை இருவரையும் சிறு வயதிலேயே இழந்து, சித்தப்பா பெர்டினாண்டோவின் அரண்மனையில் வளர்ந்தார். 25 வயதில் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கு மணம் பேசி முடித்தார்கள். அந்தக் காலத்து அரச குடும்பங்களில் 25 என்பது நாள் கடந்த வயது.

1600 அக்டோபரில் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பலேறினார். நவம்பர் 3 அன்று தெற்கு பிரான்ஸின் மார்செய் துறையை அடைந்தார். பிறந்த வீட்டுக் கப்பலிலிருந்து புகுந்த நாட்டு மண்ணில் அவர் கால் வைக்கப் போகிற நொடியைத்தான் ரூபன்ஸ் பிடித்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

முடிந்துவிட்டது, ஆனால் மாப்பிள்ளை இல்லாமல். 1600 அக்டோபர் 5 அன்று ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் நடந்த திருமணத்தில் மணமகன் இடத்தில் நின்று மோதிரம் அணிவித்தவர் மணப்பெண்ணின் சித்தப்பா பெர்டினாண்டோ. மன்னரின் பிரதிநிதியாக ஒருவர் நின்று சடங்கை நடத்துவது அன்றைய ஐரோப்பிய அரச குடும்பங்களில் சாதாரணம். அப்படி நடந்த மணமும் சட்டப்படி செல்லும். ஆகவே மார்செய்யில் இறங்கும்போதே மரி பிரான்ஸின் ராணி.

சரி, மாப்பிள்ளை எங்கே? ஓவியத்திலும் காணோமே?

ஓவியத்தில் மட்டுமல்ல, மார்செய்யிலும் அவர் இல்லை. அண்டை நாடான சவாயின் கோமகனோடு போரில் இருந்தார். மரி வடக்கே லியோன் வரை பயணம் செய்து காத்திருக்க, டிசம்பர் 9 அன்றுதான் இருவரும் முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். 17-ஆம் தேதி லியோன் பேராலயத்தில் மீண்டும் சடங்கு நடந்தது.

இந்த இடத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். மொழி தெரியாத நாடு. கணவனின் முகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவனுடைய முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள். அந்த மணம் முந்தைய ஆண்டுதான் ரத்தாகியிருக்கிறது. அவன் இன்னொரு பெண்ணுக்குக் கல்யாண வாக்கு எழுதிக் கொடுத்திருந்த கதையும் ஊரெல்லாம் தெரியும். இத்தனைக்கும் நடுவே துறைமுகத்தில் வரவேற்க அவன் வரவில்லை. ஓவியன் என்ன செய்வான்? கணவன் நிற்க வேண்டிய இடத்தில் நாட்டையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார் ரூபன்ஸ். கைகளை விரித்து, உடலைத் தாழ்த்தி மரியை வரவேற்கிற உருவம் பிரான்ஸ். அரசன் வராவிட்டால் என்ன, அரசே வந்திருக்கிறது. இந்த ஓவியத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒவ்வோர் உருவமும் யார் என்று சொல்ல முடியுமா?

வரவேற்பவர்களில் தலைக்கவசமும், பொன் லில்லிப் பூக்கள் பதித்த நீல மேலாடையும் அணிந்திருப்பது பிரான்ஸ். அந்த லில்லிப் பூ பிரெஞ்சு முடியாட்சியின் சின்னம். அருகே கோட்டைச் சுவர் வடிவில் கிரீடம் தரித்திருப்பது மார்செய் நகரம். நகரங்களைப் பெண்ணாக உருவகித்து மதில் கிரீடம் சூட்டுவது கிரேக்க, ரோமானிய வழக்கம்.

மரியின் இரு பக்கமும் வருகிறவர்கள் நிஜ மனிதர்கள். ஒருவர் பெர்டினாண்டோவின் மனைவி, அதாவது மரியின் சித்தி, லொரேனின் கிறிஸ்டின். மற்றவர் அக்கா எலியோனோரா, மாண்டுவா கோமகனின் மனைவி. பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுவிட அக்காவும் சித்தியும் கூட வருவது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

மேலே பறப்பது புகழ் தேவதை. ராணி வந்துவிட்டார் என்று எக்காளத்தில் அறிவிக்கிறாள். கப்பலில் கறுப்பு உடையில், மார்பில் சிலுவையோடு விறைப்பாக நிற்பவர் மால்டா வீரர், அதாவது மால்டா தீவின் கிறிஸ்தவ வீரர் சபையைச் சேர்ந்தவர். அவருக்கு மேலே கப்பலின் வளைவில் மெடிசி குடும்பச் சின்னம் தெரியும்: கேடயத்தில் உருண்டைகள்.

அந்த உருண்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெடிசி கேடயத்தில் ஐந்து உருண்டை சிவப்பு. உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் நீலம், அதில் பிரெஞ்சு லில்லிப் பூக்கள். 1465-இல் பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி மெடிசி குடும்பத்துக்கு அளித்த சிறப்பு அது. வட்டிக்கடையில் தொடங்கி வங்கி நடத்தி மேலே வந்த குடும்பம், பிரெஞ்சு அரசரின் பூவைத் தன் கேடயத்தில் 135 ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தது. மரி வந்து இறங்குவதற்கு வெகு முன்பே அந்தப் பூ இங்கிருந்து அங்கே போயிருந்தது.

வங்கிக் குடும்பத்திலிருந்து ஏன் பெண் எடுத்தார் மன்னர்?

கடன்தான் காரணம். பல ஆண்டு உள்நாட்டுப் போரில் பிரான்ஸின் கருவூலம் காலி. ஹென்றி ஃபுளோரன்ஸுக்குப் பெரும் கடன்பட்டிருந்தார். மரி கொண்டுவந்த சீதனம் 6 லட்சம் எக்கூ (அன்றைய பிரெஞ்சு நாணயம்). அதில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்காமல் பழைய கடனில் கழித்தார்கள். பிரெஞ்சு ராணி ஒருத்தி அதுவரை இவ்வளவு சீதனம் கொண்டுவந்ததில்லை.

வாரிசு இல்லாத குறையும் ஹென்றிக்கு இருந்தது. மணமாகி ஓராண்டுக்குள், 1601 செப்டம்பரில், பதின்மூன்றாம் லூயி பிறந்தார். இந்தப் பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் பிறந்ததற்கே இவர்தான் காரணம்.

மார்செய் துறையில் இறங்கிய முதல் மெடிசி மணப்பெண்ணும் மரி அல்ல. 1533-இல் கேத்தரின் தெ மெடிசி இதே ஊருக்கு வந்து இரண்டாம் ஹென்றியை மணந்தார். அவரும் பின்னாளில் ராணியாகி, கணவன் இறந்த பின் மகன்கள் பெயரால் நாட்டை ஆண்டார்.

ரூபன்ஸ் அன்று துறைமுகத்தில் இருந்தாரா?

இல்லை. ஆனால் ஃபுளோரன்ஸ் திருமணத்தில் இருந்தார். 23 வயது இளைஞராக அந்த ஆண்டுதான் இத்தாலிக்கு வந்து மாண்டுவா கோமகனிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கோமகனின் மனைவிதான் மணப்பெண்ணின் அக்கா. ஆகவே பரிவாரத்தோடு ரூபன்ஸும் கல்யாணத்துக்குப் போனார். 20 ஆண்டு கழித்து, பெய்ரெஸ்க் என்ற அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். நம் ஓவியம் இடம்பெறும் ஓவிய வரிசையிலேயே அந்தத் திருமணத்தையும் வரைந்தார். மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் இளைஞன் முகம் ரூபன்ஸின் முகமே என்று பலர் கருதுகிறார்கள்.

கரையிறங்கும் காட்சிக்கு அவர் நம்பியது மற்றவர்கள் எழுதிவைத்ததையும் தன் கற்பனையையும்தான்.

அப்படியானால் எப்போது, யார் சொல்லி வரைந்தது?

மணப்பெண்ணே சொல்லி வரைந்தது. இது தெரிந்த பிறகு ஓவியம் வேறு மாதிரித் தெரியும்.

1610 மே 13 அன்று மரிக்கு முடிசூட்டு விழா நடந்தது. மறுநாளே ஹென்றி, ராவையாக் என்பவனின் கத்திக்குத்தில் இறந்தார். எட்டு வயது லூயிக்காக மரி ஆட்சியை ஏற்றார். மகன் வளர்ந்தும் அதிகாரத்தை விடவில்லை. மரியோடு ஃபுளோரன்ஸிலிருந்து வந்திருந்த கொன்சினி செல்வாக்கின் உச்சிக்குப் போனார். 1617 ஏப்ரலில் லூயி உத்தரவிட, கொன்சினி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி லியோனோரா, மரியின் சின்ன வயதுத் தோழி, அதே ஆண்டு ஜூலையில் மரண தண்டனை பெற்றார். தாயை மகன் புளுவா கோட்டைக்கு அனுப்பிவைத்தான். 1619-இல் மரி அங்கிருந்து தப்பினார். பிறகு சண்டை, பேச்சு, சமாதானம்.

சமாதானமாகிப் பாரிஸ் திரும்பிய மரி, தமக்காகக் கட்டிவந்த லக்சம்பர்க் அரண்மனையின் நீண்ட கூடத்தில் தம் வாழ்க்கையையே ஓவிய வரிசையாக வரையச் சொன்னார். 1622 பிப்ரவரியில் ரூபன்ஸோடு ஒப்பந்தம் ஆயிற்று. மொத்தம் 24 ஓவியங்கள்: 21 வாழ்க்கைக் காட்சிகள், மூன்று உருவப்படங்கள். அதில் ஒன்றுதான் நம் ஓவியம். ரூபன்ஸ் சந்தித்தபோது மரி நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்த விதவை. அவரைக் கறுப்பு உடையில் ரூபன்ஸ் வரைந்த உருவப்படம், பின்னணி முடிக்கப்படாமலே, மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இந்த மணப்பெண்ணின் நிமிர்ந்த தலையைப் பாருங்கள். பெற்ற மகனாலேயே வெளியேற்றப்பட்டவர், "இந்த நாடு அன்று என்னைக் கைநீட்டி வரவேற்றது" என்று சுவரில் எழுதிவைக்கிறார்.

கடவுளரும் கடற்கன்னியரும் எதற்கு? நடந்ததை நடந்தபடி வரையக் கூடாதா?

வரைந்தால் வம்பு. கதையில் வரும் ஆட்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள்; அதில் ஒருவர் ஆளும் மன்னர். நேராகச் சொன்னால் குற்றச்சாட்டு ஆகிவிடும். உருவகத்தில் சொன்னால் அவரவர் விரும்பிய பொருளை எடுத்துக்கொள்ளலாம். லூயி கூடத்தைப் பார்க்க வந்தபோது, ராணியின் ஆலோசகராக இருந்த ஒரு மடாதிபதி கூடவே நடந்து, சங்கடமான இடங்களின் உண்மைப் பொருளை மாற்றியும் மறைத்தும் திறமையாக விளக்கினாராம். ரூபன்ஸே 1625 மே மாதக் கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். மரி பாரிஸை விட்டு வெளியேற்றப்பட்ட காட்சி மட்டும் எந்த உருவகத்துக்கும் அடங்கவில்லை. அதை எடுத்துவிட்டு, அவருடைய ஆட்சியில் நாடு செழித்ததாக வேறொன்றை வைத்தார்கள்.

மார்செய் காட்சியில் இன்னொரு காரணமும் உண்டு. கப்பல் வந்தது, பெண் இறங்கினாள். இதில் வரைய என்ன இருக்கிறது? கடலே எழுந்துவந்து அவரைக் கரை சேர்த்தது என்று மாற்றியதால்தான் நானூறு ஆண்டுக்குப் பிறகும் நின்று பார்க்கிறோம்.

கீழே இருக்கும் அந்த மூன்று பெண்கள் யார்? ராணியைவிட அவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

உண்மை. எனக்கும் அப்படித்தான். அவர்கள் நெரெயிட்கள், கிரேக்கப் புராணத்தின் கடற்பெண்கள். பக்கத்தில் தாடியோடு கடல் தேவன் நெப்டியூன், சங்கு ஊதும் டிரைட்டன். வழியெல்லாம் கப்பலுக்குக் காவலாக வந்தவர்கள், இப்போது அதைத் துறையில் கட்டுகிறார்கள்.

மேலேயும் கீழேயும் இரண்டு உலகம். மேலே பட்டும் பொன்னும் மரியாதையும். எல்லோரும் அளந்து அசைகிறார்கள். கீழே சதையும் உப்புத் தண்ணீரும் உழைப்பும். மூவரும் இடுப்பை முறுக்கி, தோளை வளைத்து, தங்கள் எடையையே கயிற்றுக்குக் கொடுக்கிறார்கள். கயிறு விறைத்து நிற்கிறது. ஈரத்தலை முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. தொடைக்குக் கீழே தோல் எங்கே முடிந்து செதில் எங்கே தொடங்குகிறது என்று தேடினாலும் பிடிபடாது.

தண்ணீர்த் துளிகளைத் தனியாகப் பாருங்கள். சதைமேல் உருண்டு நிற்கும் ஒவ்வொரு துளிக்கும் சிறு நிழலும் ஒரு பொட்டு ஒளியும் இருக்கின்றன. ஓர் அடி தள்ளி நின்றால் உண்மையிலேயே ஈரம்; மூக்கு முட்டுகிற அளவு போனால் வெறும் வண்ணத் தீற்றல். 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் யூஜீன் தெலக்ரோவா, இளைஞராக இருந்தபோது, இந்த நெரெயிட் ஒருத்தியை நகலெடுத்துப் பழகினார். அது சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1822-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'தாந்தேயின் படகு' ஓவியத்தில் மூழ்குபவர்களின் உடல்மேல் நிற்கும் துளிகள் இங்கிருந்து கற்றவை.

இவ்வளவு நிர்வாணம் ராணிக்குச் சங்கடமாக இல்லையா?

அன்றைய ஐரோப்பிய அரண்மனைகளில் புராண உருவங்களுக்கு உடை இல்லாதது இயல்பு. நிஜப் பெண்கள் முழு ஆடையில் இருப்பதைக் கவனியுங்கள். தெய்வம், மனிதர் என்ற பிரிவைக் காட்டும் வழியும் அது. கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

இத்தனையும் ரூபன்ஸ் ஒருவரே வரைந்தாரா?

இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் அவருக்குப் பெரிய பட்டறை இருந்தது. முதலில் சிறிய பலகையில் தம் கையால் வண்ண மாதிரி போடுவார். உதவியாளர்கள் அதைப் பெரிய துணிக்கு மாற்றுவார்கள். கடைசியில் அவர் தொட்டு முடிப்பார். மனித உருவங்களை ரூபன்ஸே வரைய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கண்டிப்பாகச் சேர்த்திருந்தார்கள். இந்தக் காட்சியின் மாதிரி மியூனிக்கின் ஆல்ட்டே பினாகொதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைவேகம் தெரிய வேண்டுமானால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கூலி?

இரண்டு கூடங்களுக்கும் சேர்த்து 20,000 எக்கூ. இரண்டாவது கூடத்தில் ஹென்றியின் வாழ்க்கை வர வேண்டியது. அது முடியவே இல்லை. கணவர் கல்யாணத்துக்கும் வரவில்லை, சுவருக்கும் வரவில்லை.

முதலில் யாருக்குக் காட்டினார்கள்?

1625 மே மாதம், மரியின் கடைசி மகள் ஹென்றியெட்டா மரியாவுக்கும் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கும் திருமணம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று ரூபன்ஸைத் துரத்தி முடிக்கவைத்தார்கள். நாத்ருதாம் பேராலயத்தின் முன் நடந்த அந்தத் திருமணத்திலும் மாப்பிள்ளை இல்லை. ஷெவ்ரூஸ் கோமகன் பிரதிநிதியாக நின்றார். தாய் அந்நிய மண்ணில் இறங்கும் ஓவியம் புது வண்ண வாசனையோடு தொங்கியபோது, 15 வயது மகள் அந்நிய மண்ணுக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கூடத்தில் நடந்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

மரிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

1630 நவம்பரில் அமைச்சர் ரிஷ்லியூவைப் பதவியிலிருந்து இறக்க முயன்று தோற்றார். மகன் அமைச்சர் பக்கமே நின்றார். 1631-இல் பிரான்ஸை விட்டு வெளியேறி பிரஸ்ஸல்ஸ் சென்றார். அதன் பின் நாடு திரும்பவே இல்லை. ஊர் ஊராக அலைந்து, இடையில் இங்கிலாந்தில் மகளிடமும் தங்கி, 1642 ஜூலை 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார். ரூபன்ஸ் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகியிருந்தார்.

எனக்கு இந்த ஓவியம் மிகையாகத் தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் தப்பா?

தப்பில்லை. துதி பாடும் ஓவியம்தான் இது, காசு வாங்கிக்கொண்டு வரைந்தது. ஆனால் துதியையும் தாண்டி ஓவியன் எதில் மனதைச் செலுத்தியிருக்கிறான் என்று பாருங்கள். ராணியின் முகத்துக்குக் கொடுத்த கவனத்தைவிடக் கயிறு இழுப்பவளின் முதுகுக்கு அதிகம் கொடுத்திருக்கிறான். புகழ வேண்டியவரை மேலே அனுப்பிவிட்டு, தனக்குப் பிடித்ததை நம் அருகே வைத்துக்கொண்டான்.

நேரில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

லக்சம்பர்க் அரண்மனையில் இப்போது பிரெஞ்சு செனட் நடக்கிறது. ஓவியங்கள் அங்கே இல்லை. லூவரின் ரிஷ்லியூ பகுதியில், இரண்டாம் மாடியில், மெடிசி கூடம் என்று தனி அறையே இருக்கிறது. ஆம், மரியை நாட்டை விட்டு ஓடவைத்த அமைச்சரின் பெயர் தாங்கிய பகுதியில்தான் அவர் வாழ்க்கை தொங்குகிறது. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. மோனலிசாவுக்கு முண்டியடிக்கும் கூட்டம் இங்கே வராது, நிம்மதியாக நிற்கலாம்.

போனதும் அண்ணாந்து ராணியைத் தேடாதீர்கள். கடற்பெண்கள் கிட்டத்தட்ட ஆள் உயரம், நமக்கு மிக அருகில் இருப்பவர்களும் அவர்கள்தான். அங்கே தொடங்குங்கள். கயிற்றைப் பற்றிய கையைப் பிடித்துக்கொண்டு கப்பலின் பொன் விளிம்புக்கு ஏறுங்கள், அங்கிருந்து சிவப்பு விரித்த பாலத்துக்கு. மரி இன்னும் கரையைத் தொட்டிருக்க மாட்டார்.